கட்சிக்காரர் வீட்டுச் சாப்பாடு

பத்திரிகைத் தொழிலில் உண்மையைக் கண்டுபிடிப்பது சுலபம். அது எந்தக் கட்சிக்கு உபயோகப்படும் என்று கண்டுபிடிப்பதற்குள்தான் ஆள் பாதியாகிவிடுவான்.

நான் சேலத்தில் ஒரு வாரப் பத்திரிகையில் நிருபனாகக் குப்பை கொட்டிய காலத்தில் ஊரில் இரண்டே பத்திரிகைகள். ஒன்று கதர்ப் பத்திரிகை; அது எங்களுடையது. மற்றது சரிகைப் பத்திரிகை. அந்தக் கட்சிப் பெரிய மனிதர்கள் சரிகைத் தலைப்பாகை கட்டுவார்கள் என்பதால் நாங்கள் வைத்த பெயர் அது. அவர்கள் எங்களுக்கு வைத்த பெயரை இங்கே எழுத முடியாது. ஒரே ஊர், ஒரே மழை, ஒரே கோர்ட்டு. ஆனால் இரண்டு பத்திரிகைகளையும் வாங்கிப் படித்தவர்களுக்குச் சேலம் என்று இரண்டு ஊர் இருப்பதாகத் தோன்றும். காசு கொடுத்துப் பத்திரிகை வாங்கி, பாதியை நம்பி, பாதியை நம்பாமல் தலையைச் சொறிந்துகொள்ளும் அன்பர்களே, எழுதுகிற பக்கத்திலும் அதே தலைவலிதான் என்று தெரிந்தால் உங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்குமே என்றுதான் இதைச் சொல்ல வந்தேன்.

மலையும் அப்பனும்

பெஞ்சுக் கோர்ட்டு வாசலில் ஒரு பெண்பிள்ளை சோற்று மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போன தடவையும் அதே இடத்தில் பார்த்த ஞாபகம். பேச்சுக் கொடுத்தேன். பெயர் செல்லாயி; பனமரத்துப்பட்டி ஏரிக்கரைப் பக்கம் கொஞ்சம் புன்செய்க் காடு. காட்டு வரப்பில் ஒரு புளியமரம். அவள் மாமனார் காலத்திலிருந்து அவர்கள்தான் உலுக்கிப் புளி எடுக்கிறார்கள். பக்கத்துக் காட்டைப் புதிதாக வாங்கிய ஒருவர், அந்த வட்டாரத்திலேயே மோட்டார் வைத்திருந்த ஒரே ஆள், மரம் தன்னுடையது என்றார். வழக்கம்போல் உலுக்கியதற்கு அவள் புருஷன் மேல் திருட்டு வழக்குப் போட்டுவிட்டார்.

"உன் வீட்டுக்காரர் பெயர் என்னம்மா?" என்று கேட்டேன். செல்லாயி பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். புருஷன் பேரைச் சொல்லுகிற வழக்கம் அவளுக்கு இல்லை. "முருகன் நிக்கற மலையைச் சொல்லி, கடைசியில அப்பனைச் சேத்துக்குங்க சாமி" என்றாள். பழனியப்பன் என்று நான் சொன்னதும் தன் காதிலேயே அது விழக்கூடாது என்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டாள்.

மகளுக்குத் தம்மம்பட்டியில் மாப்பிள்ளை பேசி முடித்து, வெற்றிலை பாக்கு மாற்றுகிற சமயத்தில் இந்த வழக்கு வந்ததாம். மாப்பிள்ளை வீட்டார் சண்டை ஒன்றும் போடவில்லை. கேஸ் முடியட்டும் என்று சொல்லிப் போனவர்கள்தான், பிறகு இந்தப் பக்கம் தலை காட்டவில்லை. கோர்ட்டிலோ விசாரணை இல்லாமல் வாய்தாவுக்கு மேல் வாய்தா. ஜெயிலுக்குப் பயப்படாதே, சின்ன வழக்குத்தான் என்று எனக்குத் தெரிந்த தைரியத்தைச் சொல்லிப் பார்த்தேன்.

"செயிலுக்குப் போனாக்கூடக் கொஞ்ச நாள்ல திரும்பி வந்துருவாருங்க சாமி. திருடன்ங்கற பேரு வந்துபோட்டுதே, அது திரும்பிப் போகுமுங்களா?"

வண்டி திரும்பும் பக்கம்

அந்த வழக்கு ஒரு கௌரவ மாஜிஸ்திரேட்டு முன்னால் இருந்தது. இப்போதைய பிள்ளைகளுக்கு இது விளங்காது. சர்க்காருக்கு வேண்டிய பெரிய மனிதர்களைப் பிடித்துச் சின்னச் சின்ன வழக்குகளை விசாரிக்க உட்காரவைப்பார்கள். சம்பளம் கிடையாது, கௌரவம் மட்டும்தான். அதனால் நிருபர்கள் எங்களுக்குள் அவரைக் "கௌரவம்" என்றே சொல்லிக்கொள்வோம். அப்போது கௌரவம் சரிகைக் கட்சி.

அடுத்த வாய்தா அன்று கௌரவம் கோர்ட்டு வாசலில் ஒரு மோட்டாரிலிருந்து இறங்கினார். செல்லாயி என் கையைத் தொடாத குறையாகப் பக்கத்தில் வந்து, அது தங்கள்மேல் வழக்குப் போட்டவருடைய மோட்டார் என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சைக்கிளை மிதித்துக்கொண்டு பனமரத்துப்பட்டிச் சாலையில் போனேன். மோட்டார்காரர் வீட்டுக்கு எதிரே வெயிலில் காய்ந்துகொண்டிருந்தேன். கோர்ட்டு கலைந்ததும் கௌரவம் வந்தார், உள்ளே போனார், வெகுநேரம் கழித்துக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். கோழிக் குழம்பு வாசனை தெருவரைக்கும் வந்தது. பட்டினியாக உட்கார்ந்திருந்தவனுக்கு அது வேறு சோதனை.

டிரைவரிடம், மாஜிஸ்திரேட்டு அடிக்கடி இந்த வண்டியில் வருவாரா என்று விசாரித்தேன். அவன் வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்க்காமல் சொன்னான்:

"வண்டி எங்க மொதலாளிதுங்க. உள்ள யாரு உக்காந்தாலும் அது மொதலாளி சொல்ற பக்கந்தானுங்க திரும்பும்."

எந்தக் கட்சிக்காரர்?

பார்த்ததைப் பார்த்தபடி எழுதினேன். புளியமரம், பழனியப்பன், வாய்தா, மோட்டார், கோழிக் குழம்பு எல்லாம் இருந்தன. "வழக்குப் போட்டவர் வீட்டிலேயே மாஜிஸ்திரேட்டு சாப்பிட்டார்" என்று முடித்திருந்தேன். எங்கள் ஆசிரியர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். கதர்க்காரர்களை மறியலுக்காக ஜெயிலுக்கு அனுப்பிய மனுஷன் கௌரவம். அவர் மடியில் பூனைக்குட்டி இருக்கிறது என்றால் ஆசிரியருக்குச் சந்தோஷத்துக்குக் கேட்கவேண்டுமா?

ஆசிரியர் பேனாவை எடுத்தார். முதலில் புளியமரத்தை வெட்டினார். பிறகு பழனியப்பனையும் செல்லாயியையும் வெட்டினார். அந்த இடத்தில் சரிகைக் கட்சியின் லட்சணம் என்ன என்று நீளமாக எழுதிச் சேர்த்தார். அவர் பழைய நாளில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவர். வக்கீல் ஆபீசில் வழக்குக்கு வருகிறவர்களுக்கெல்லாம் கட்சிக்காரர் என்றுதானே பெயர்? அந்தப் பழக்கத்தில் என் வாசகத்தைத் திருத்தி, கொட்டை எழுத்தில் தலைப்பாகவே போட்டுவிட்டார்: "கட்சிக்காரர் வீட்டில் மாஜிஸ்திரேட்டின் சாப்பாடு!"

பத்திரிகை வந்த அன்று ஊரே பற்றி எரியப்போகிறது என்று செவ்வாய்ப்பேட்டையில் போய் நின்றேன். ஒன்றும் எரியவில்லை. ஒரு வெல்ல மண்டிக்காரர் தலைப்பைச் சத்தமாகப் படித்தார், பத்திரிகையை மடித்தார், கல்லாப்பெட்டிமேல் வைத்தார். என்னைத் தெரிந்தவர்.

"ஏனுங்க, அவுரு கட்சிக்காரர் ஊட்டுல அவுரு சாப்புடறாரு. உங்க கட்சிக்காரர் ஊட்டுல வந்து சாப்புட்டாத்தானுங்க அது சேதி?"

விரலால் தேடியவள்

செல்லாயி அந்தப் பத்திரிகையை எப்படியோ வாங்கி மடியில் வைத்திருந்தாள். எழுதப் படிக்கத் தெரியாது. கோர்ட்டு வாசலில் என்னைப் பார்த்ததும் விரித்து வைத்து, ஒவ்வொரு பத்தியாக விரலை ஓட்டிக்கொண்டே வந்தாள். இந்த இடமா, இந்த இடமா என்று என் முகத்தைப் பார்த்தாள். இல்லையம்மா என்று தலையை ஆட்டினேன்.

"அவுருதான் இல்லீங்க, செரி. மரமாச்சும் எங்காச்சும் நிக்குதுங்களா சாமி?"

காதரும் கதரும்

சரிகைப் பத்திரிகையின் நிருபர் காதர் பாய். ஜாமியா மசூதிப் பக்கத்துக்காரர். அவர் பெயரில் காதர், உடம்பில் மில் துணி; என் பெயரில் ஒன்றுமில்லை, உடம்பில் கதர். இதைச் சொல்லிச் சொல்லியே நாங்கள் சிநேகமானோம். அவர் என்னை மாப்ளே என்பார். எங்கள் இரண்டு ஆசிரியர்களும் ஒருவரையொருவர் தேசத்துரோகி என்று திட்டி எழுதிக்கொண்டிருக்கும்போது, நாங்கள் இருவரும் கோர்ட்டுக்கு எதிரே டீக்கடையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்போம்.

எங்கள் செய்திக்கு அவர்கள் பத்திரிகையில் மறுப்பு வந்தது. ஏழை எளியவர் அழைத்தாலும் மறுக்காமல் போய் உண்ணும் மாஜிஸ்திரேட்டின் பெருந்தன்மையைக் கதர்க் கும்பல் கொச்சைப்படுத்துகிறதாம். மோட்டார் வைத்திருந்தவர் அந்த மறுப்பில் ஏழையாகிவிட்டார். படித்துக்கொண்டே வந்த எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அதை எழுதியவரே எதிரில் உட்கார்ந்து டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். நான் சைக்கிளில் போய்ப் பார்த்ததை முழுக்கச் சொன்னேன். அவர் முகம் சுண்டிவிட்டது.

"உன் நெசத்துல பாதியை உங்க ஆசிரியரு வெட்டினாரு, மீதியை எங்க ஆசிரியரு என் கையாலேயே மூடவச்சாரு. இப்ப அது இந்த டீக்கடையில மட்டுந்தான் இருக்கு மாப்ளே, விட்டுட்டுப் போயிறாதே."

சரிகை வெளுத்தது

அப்புறம் தேர்தல் வந்தது. கதர்க் கட்சியின் ஓட்டுப் பெட்டிக்கு மஞ்சள் நிறம்; எங்கே பார்த்தாலும் மஞ்சள் பெட்டி, மஞ்சள் பெட்டி என்றுதான் பேச்சு. கதர் ஜெயித்தது. ஜெயித்த சூடு ஆறுமுன்னே, ஒரு நாள் காலையில் கௌரவம் கதர்த் துண்டு போட்டுக்கொண்டு எங்கள் ஆபீஸ் படியேறி வந்தார். வந்தது அதே மோட்டாரில். முன்னால் சின்னதாக ஒரு கொடி மட்டும் புதிது. ஆசிரியர் கைராட்டையில் நூற்ற நூல்மாலை போட்டார். நான் ஓரமாக நின்று கை தட்டினேன். தட்டாமல் என்ன செய்வது?

பழனியப்பன் வழக்கு இன்னும் கௌரவத்திடம்தான் இருந்தது. அடுத்த வாய்தாவில் தண்டனை நிச்சயம் என்று மோட்டார்காரர் சந்தையில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் மறுபடியும் எழுதினேன். பழைய சாப்பாடு, புதிய கொடி, பழைய மோட்டார் எல்லாவற்றையும் எழுதினேன். ஆசிரியர் படித்தார்.

அவரைக் கெட்டவர் என்று நீங்கள் நினைத்துவிடக்கூடாது. ஜெயில் களியைத் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொண்டு வந்தவர். அச்சுக் கோர்ப்பவர் சாப்பிடாமல் வந்தால் தன் தயிர்சாதத்தில் பாதியைத் தள்ளிவிடுவார். தேசம் என்று சொல்லும்போதே குரல் தழுதழுக்கும். அந்த மனிதர் என் கட்டுரையை மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தபோது, எனக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகமாக வந்தது.

"நெசந்தான் அப்பனே. ஆனா இப்பத்தான் நம்ம பந்திக்கு வந்திருக்காரு. வந்து உக்காந்தவரை எலையிலிருந்து எழுப்பலாமா?"

வெட்டுப்படாத மரம்

என் பத்திரிகைக்கு வேண்டாத செய்தி இப்போது யாருக்கு வேண்டும்? நேரே டீக்கடைக்குப் போனேன். காதர் பாயிடம் முதலிலிருந்து சொன்னேன். ஒரே ஒரு நிபந்தனை: கட்சிக்காரர் என்ற வார்த்தை எங்கேயும் வரக்கூடாது. அவர் அதை எழுதிக் கொண்டுபோய்க் கொடுக்க, அவருடைய ஆசிரியர் துள்ளிக் குதித்தாராம். நேற்றுவரை பெருந்தன்மையாக இருந்த சாப்பாடு ஒரே வாரத்தில் லஞ்சமாகிவிட்டது. "தன்னிடம் வழக்குப் போட்டவர் வீட்டிலேயே உண்ட மாஜிஸ்திரேட்டு" என்று தலைப்பு.

இந்தத் தடவை ஊர் அசைந்தது. காரணம் எங்கள் எழுத்தில்லை. கதர்ப் பத்திரிகை எழுதியபோது கட்சி என்றார்கள். சரிகைப் பத்திரிகையும் அதையே எழுதியதும், எந்தக் கட்சி என்று கேட்க வழியில்லாமல் போயிற்று. கலெக்டர் ஆபீசிலிருந்து உத்தரவு வந்தது. வழக்கு வேறு கோர்ட்டுக்குப் போயிற்று. கௌரவம் உடம்பு சரியில்லை என்று கௌரவத்தைத் துறந்தார்.

ஆசிரியர் என்னைக் கூப்பிட்டார். மேஜைமேல் சரிகைப் பத்திரிகை விரித்துக் கிடந்தது. வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டே போய் நின்றேன். அவர் செய்தியை அடிவரை படித்தார், திரும்பப் படித்தார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பழனியப்பன் பெயர் அதில் இல்லை. சரிகைப் பத்திரிகை ஆசிரியர் அவரை "ஓர் ஏழைக் குடியானவன்" ஆக்கியிருந்தார். ஆனால் மற்றதெல்லாம் இருந்தது. எழுதின கை எது என்று எங்கள் ஆசிரியருக்குத் தெரிந்துவிட்டது என்பது எனக்கும் தெரிந்தது.

"புளியமரம் முழுசா நிக்குது பாரு. நானா இருந்தா வெட்டியிருப்பேன்."

யாருக்கும் வேண்டாத தீர்ப்பு

புதிய கோர்ட்டில் ஊர் நிலக்கணக்கு வைத்திருக்கும் கர்ணத்தைக் கூப்பிட்டு மரம் யார் வரப்பில் நிற்கிறது என்று கேட்டார்கள். பழனியப்பனுடைய வரப்பு என்றார் அவர். அவ்வளவுதான், விடுதலை. இத்தனை நாள் இந்த ஒரு கேள்வியைக் கேட்கத்தான் ஆளில்லை. பழனியப்பன் யாரைக் கும்பிடுவது என்று தெரியாமல் கோர்ட்டுச் சுவரைப் பார்த்துக் கும்பிட்டார். செல்லாயி தரையில் உட்கார்ந்து அழுதாள்.

நான் ஓடிப்போய் எழுதினேன். ஆசிரியர் சங்கடப்பட்டார், நம் பக்கம் வந்தவர் மானம் போனது போதாதா, அதை ஏன் கிளறவேண்டும் என்றார். காதர் பாய் எழுதியதும் அச்சேறவில்லை. கௌரவம்தான் தொலைந்தாரே, இனிப் புளியமரம் எதற்கு என்றாராம் அவருடைய ஆசிரியர். இங்கே செல்லாயிக்கு வேறு கவலை. கேஸ் ஜெயித்துவிட்டது என்று தம்மம்பட்டிக்குச் சொல்லி அனுப்பினால், ஜெயித்ததாக நீங்கள்தானே சொல்கிறீர்கள் என்று பதில் வந்ததாம். திருடன் என்று வழக்குப் போட்டபோது ஊரெல்லாம் பேசிற்று. திருடனில்லை என்று சொல்ல ஒரு வாய் இல்லை. டீக்கடையில் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. காதர் பாய் பெருமூச்சு விட்டார்.

"குத்தம்னா ரெண்டு கட்சிக்கும் வேணும் மாப்ளே. குத்தமில்லேன்னு ஒருத்தனை வச்சுக்கிட்டு எந்தக் கட்சி போயி ஓட்டுக் கேக்கும்?"

மண்டி நிலவரம்

இரண்டு பத்திரிகைகளிலும் ஆசிரியர்கள் எட்டிக்கூடப் பார்க்காத ஒரு மூலை உண்டு. அதுதான் செவ்வாய்ப்பேட்டை மண்டி நிலவரம். அதை நானும் காதர் பாயும் சேர்ந்து உட்கார்ந்து எழுதி, ஆளுக்கொரு பிரதி எடுத்துக்கொண்டு போவோம். விலைவாசிக்குக் கட்சி கிடையாதே. தலையங்கத்தைத் தலையங்கம் எழுதியவர் மட்டும் படிப்பார்; மண்டி நிலவரத்தைச் சந்தைக்குச் சந்தை ஒருவர் படிக்க ஊரே சுற்றி நின்று கேட்கும். பழனியப்பனுக்கு இடம் இங்கேதான் என்று காதர் பாய்க்கும் எனக்கும் ஒரே சமயத்தில் தோன்றியது. அந்த வாரம் இரண்டு பத்திரிகைகளிலும் இப்படி வந்தது:

"புளி: வரத்து நிதானம், விலை கெட்டி. பனமரத்துப்பட்டி ஏரிக்கரை பழனியப்பன் மரத்துப் புளி அவருடைய சொந்தப் புளியே, திருட்டுப் புளி அன்று எனக் கோர்ட்டாரே தீர்ப்புச் சொல்லியிருப்பதால், வியாபாரிகள் தாராளமாக வாங்கலாம். மிளகாய்: மந்தம்."

தம்மம்பட்டிச் சந்தையிலும் படித்திருக்கிறார்கள். கதர்ப் பத்திரிகையில் படித்ததை நம்பாதவர்கள் சரிகைப் பத்திரிகையில் படித்து நம்பினார்கள். சரிகையை நம்பாதவர்கள் கதரில் பார்த்து நம்பினார்கள். மாப்பிள்ளை வீட்டார் வெற்றிலை பாக்கோடு தாங்களாகவே வந்து சேர்ந்தார்கள்.

அறுவடை முடிந்து ஒரு நாள் செல்லாயி கூடை நிறையப் புளியோடு எங்கள் ஆபீசுக்கு வந்தாள். பின்னால் பழனியப்பன் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். ஆசிரியர் பதறிப்போனார். ஒரு வேளைச் சாப்பாட்டுக்காக ஒரு மாஜிஸ்திரேட்டையே கீழே இறக்கியவர்கள் நாங்கள், ஒரு கூடைப் புளியை வாங்கலாமா, எடுத்துக்கொண்டு போ அம்மா என்றார். செல்லாயி கூடையை மேஜைமேலேயே வைத்தாள். இத்தனை நாள் குனிந்து பேசியவள் அன்று நிமிர்ந்து நின்று பேசினாள்.

"கேஸு முடிஞ்சுபோச்சுங்க சாமி, இனி நாங்க ஆருக்கும் கட்சிக்காரரு இல்லீங்க. நான் வாயெடுத்துச் சொல்லக்கூடாத பேரை உங்க பேப்பரு சந்தையெல்லாஞ் சொல்லிப்போட்டுது. காதுல உளுந்தப்போ, மறுக்காச் சொல்லு மறுக்காச் சொல்லுன்னு படிக்கறவரைக் கெஞ்சிக் கெஞ்சிக் கேட்டனுங்க. பாதியை அந்த பாய்க்குக் குடுத்துப்போட்டு, மீதியில ரசம் வெச்சுக் குடிங்க."

அன்பர்களே, நீதியைப் பற்றி நானும் கை வலிக்க எவ்வளவோ எழுதினேன். எந்த ஆசிரியர் பேனாவுக்கும் தப்பி முழுசாக அச்சேறியது புளி விலைக்கும் மிளகாய் விலைக்கும் நடுவில் நின்ற அந்த ஒரு வாக்கியம்தான்.